புயல் ஓய்ந்து ஆண்டுகள் ஆன பிறகு மொட்டை மாடியில் எதைத் தேடுவது?

மும்பைச் செம்பூரில் 1986-இல் கட்டிய நான்கு மாடிக் கட்டடத்தின் கடைசி மாடி வீட்டை 2023-இல் வாங்கிய ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. 2021 மே மாதம் டவ்தே புயல் அடித்தபோது, மொட்டை மாடியில் போட்டிருந்த தகரப் பந்தல் பிய்த்துக்கொண்டு போனதாக அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். கட்டடத்தின் வீட்டுச் சங்கமான சொசைட்டி அதே மாதத்தில் புதுப் பந்தல் போட்டுவிட்டது. இப்போது படுக்கையறைக் கூரையில் பழுப்புக் கறை படர்கிறது. வீட்டை விற்றவரோ வெறும் பெயின்ட் கோளாறு என்கிறார். அந்தப் புயலால் உண்டான சேதம் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்பதை இத்தனை ஆண்டுகள் கழித்துக் கண்டுபிடிக்க முடியுமா என்பதே அவர் கேட்பது.

முடியும். ஆனால் பெரும்பாலோர் தேடுகிற இடத்தில் அது கிடைக்காது. கறை எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் மேலே மாடியில் நின்று விரிசலைத் தேடுவார்கள். ஒன்றும் தென்படாவிட்டால் கூரை நன்றாக இருக்கிறது என்று இறங்கி வந்துவிடுவார்கள். மும்பையில் பழைய கட்டடங்களின் பழுதை ஆராயும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் நான் முதலில் சொல்வது, காங்கிரீட் தளத்தைக் காற்று நேராக ஒன்றும் செய்துவிடுவதில்லை என்பதுதான். தளத்தில் நாம் முடுக்கி வைத்த பொருள்களைக் காற்று பிடுங்குகிறது. அவை பிடுங்கப்படும்போது அவற்றின் கால்கள் நின்ற இடத்தில் தண்ணீர் இறங்க வழி உண்டாகிவிடுகிறது. ஆகவே பந்தல் தூண், தண்ணீர் ஹீட்டரின் சட்டம், டிஷ் ஆன்டெனா, பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிச் சுவரில் அடித்த கொக்கி ஆகியவற்றின் காலடியிலிருந்துதான் சோதனையைத் தொடங்க வேண்டும்.

காற்றின் பலத்தைக் கணக்காகப் பார்த்தால் இது விளங்கும். 2021 மே 17 அன்று டவ்தே மும்பைக்கு மேற்கே கடலோடு கடந்து, அன்றிரவு சௌராஷ்டிரக் கரையில் ஏறியது. தென்மும்பையின் கொலாபாப் பகுதியில் காற்று மணிக்கு 114 கிலோமீட்டர் வரை வீசியது. நொடிக்கு ஏறத்தாழ 32 மீட்டர். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அந்த வேகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 60 கிலோ அழுத்தம் உண்டாகிறது. பத்துக்குப் பத்து அடித் தகரத்தின்மேல் அது அரை டன்னுக்கு மேல் வரும். பக்கங்கள் திறந்த பந்தலில் காற்று அடியில் புகுந்து மேல்நோக்கித் தூக்கும். ஓரங்களிலும் மூலைகளிலும் அந்த இழுப்பு இன்னும் கூடும். தகரமும் அதைத் தாங்கும் இரும்பு ஆங்கிளும் சேர்ந்து அந்த அளவு எடை இருப்பதில்லை. மிச்ச பலம் முழுவதையும் தாங்க வேண்டியவை ஒவ்வொரு தூணின் காலிலும் உள்ள இரும்பு அடித்தகட்டின் நான்கு போல்ட்டுகள்தாம்.

அந்த போல்ட்டுகள் எதில் பதிந்திருக்கின்றன என்பதை அடுத்தபடியாகப் பார்க்க வேண்டும். 1980-களில் கட்டிய மும்பைக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றின் மொட்டை மாடி ‘பிரிக்பேட் கோபா’ முறையில் அமைந்தது. காங்கிரீட் தளத்தின்மேல் செங்கல் துண்டுகளைச் சிமென்ட் கலவையில் வாட்டம் கொடுத்துப் பரப்பி, அதன்மேல் உடைந்த பீங்கான் ஓட்டுத் துண்டுகளைப் பதிப்பார்கள். நான்கைந்து அங்குல கனமுள்ள அந்தப் படுகை, மேற்பரப்பு விரிசல் விடாதவரை நன்றாக வேலை செய்யும். ஓரிடத்தில் துளை விழுந்துவிட்டால், செங்கல் துண்டுகள் நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் படுகைக்குள்ளேயே பக்கவாட்டில் நகர்ந்து, காங்கிரீட் எங்கே பலவீனமாக இருக்கிறதோ அங்கே கீழே இறங்கும். கறைக்கும் துளைக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு அடி தூரம் இருப்பதில் வியப்பில்லை.

புயலுக்குப் பிறகு அவசரத்தில் போட்ட புதுப் பந்தல்தான் பல இடங்களில் சேதத்தை மறைத்துவிடுகிறது. மழைக்காலம் இரண்டு வாரத்தில் வந்துவிடும் என்ற நெருக்கடியில் ஒப்பந்தக்காரர் பழைய துளைகளில் மறுபடியும் போல்ட் போடுவதில்லை. அவை தளர்ந்து வாயகன்றிருக்கும். அரை அடி தள்ளிப் புதுத் துளை போடுவார். பழைய துளைகளின் வாயில் கொஞ்சம் சிமென்டைப் பூசுவார், அல்லது அதுவும் செய்யமாட்டார். கோவண்டிப் பக்கம் ஒரு மாடியில் நான் பார்த்தது இதுதான்: புது அடித்தகட்டுக்கு அருகே ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளைப்போல நான்கு வட்டத் திட்டுகள், சுற்றியுள்ள சிமென்டைவிட வெளுத்த நிறத்தில். மூன்று கெட்டியாக இருந்தன. நான்காவதைக் கம்பியால் குத்தியதும் மேலோடு பொடிந்து விழுந்தது. ஆறு அங்குலக் கம்பி முழுவதும் தடையில்லாமல் உள்ளே போய், வெளியே எடுத்தபோது நுனி ஈரமாக இருந்தது. மழை நின்று மூன்று வாரம் ஆகியிருந்த நேரம் அது. அந்த வீட்டில் ஒழுகிய இடம் சமையலறை. துளை இருந்ததோ கூடத்துக்கு மேலே.

உங்கள் மாடியிலும் ஒவ்வொரு தூணின் காலடியிலும் உட்கார்ந்து இதைத்தான் தேட வேண்டும். அடித்தகட்டைச் சுற்றிச் சிமென்ட் பூச்சில் பிறை வடிவ இடைவெளி இருந்தால், தூண் காற்றில் ஆடியிருக்கிறது என்று பொருள். அந்த இடைவெளி ஒரே பக்கம் மட்டும் இருக்கிறதா, எல்லாத் தூண்களிலும் அதே பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே திசையில் இருந்தால் அது பெருங்காற்றின் வேலை. ஒன்றிரண்டில் மட்டும் தாறுமாறாக இருந்தால் பெரும்பாலும் பூச்சு வேலையின் குறை. தகரத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் திருகாணிகளின் துளைகள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இழுபட்டிருந்தாலும், அவற்றின் ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தாலும் அடுத்த பெருங்காற்றில் அந்தத் தகரம் நிற்காது. தகரத்தின்மேல் ஏறிப் பார்க்க வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் ஏறவும் கூடாது, துளையிடவும் உடைக்கவும் கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு, ஷீட்டும் முன்னறிவிப்பின்றி முறியும்.

அடுத்து கைப்பிடிச் சுவர். பந்தலை அதோடு கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தால், காற்று பந்தலைத் தூக்கும்போது சுவரையும் சேர்த்து இழுத்திருக்கும். அடியில் தளத்தோடு சுவர் சேருமிடத்தில் படுக்கைவசமாக ஒரு கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். மும்பையில் கொத்தனார்கள் அந்தச் சேர்க்கையில் சாய்வாகப் பூசும் ‘வாட்டா’ பிளந்திருந்தால், தென்மேற்கிலிருந்து அடிக்கும் மழை அதன் வழியே நேராகச் சுவருக்குள் இறங்கும். ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சுவர் வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சாய்ந்திருந்தால் ஒழுகல் இரண்டாம்பட்சம். கீழே தெருவில் நடப்பவர் தலையில் அது விழக்கூடும் என்பதை அன்றே சொசைட்டியின் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

தண்ணீர்த் தொட்டியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காலியான பிளாஸ்டிக் தொட்டியின் எடை சில பத்துக் கிலோதான். பெருங்காற்றில் அது ஓரிரு அங்குலம் நகர்ந்தாலே, தளத்தைத் துளைத்து இறங்கும் குழாயைச் சுற்றியுள்ள சிமென்ட் விண்டுவிடும். அந்த ஒழுகல் மழையைப் பொருட்படுத்தாமல் கோடையிலும் தொடரும். மழைநீர் வெளியேறும் குழாய் வாயில் பறந்து வந்த தெர்மோகோல், இலை, பிளாஸ்டிக் பை ஏதாவது அடைத்துக்கொண்டிருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, கீழே வீட்டுக்குள். கறையைவிட அது வரும் நேரம் அதிகம் சொல்லும். மழை பிடித்த அரை மணிக்குள் ஈரம் தெரிந்தால் தண்ணீர் நேர்வழியில் வருகிறது. துளை பக்கத்தில்தான் இருக்கும். மழை விட்டு ஒரு நாள் கழித்து ஆரம்பித்து, வாரக்கணக்கில் சொட்டினால் கோபாப் படுகை நிரம்பி வழிகிறது. காற்றோடு சாய்ந்தடிக்கும் மழையில் மட்டும் வந்து, நேராகக் கொட்டும் மழையில் வராவிட்டால் கைப்பிடிச் சுவரையோ வெளிச்சுவரையோ சந்தேகிக்க வேண்டும். ஏப்ரலிலும் ஈரம் இருந்தால் தொட்டியும் குழாயும். ஒரு மழைக்காலம் முழுக்க நாள், நேரம், மழையின் தன்மை, கறையின் விளிம்பு ஆகியவற்றைக் குறித்து, பென்சிலால் கறையின் ஓரத்தை வரைந்து தேதியிட்டு வந்தால், எந்தக் கருவியும் தராத தகவல் கையில் இருக்கும். வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்பு வளையங்கள் இருந்தால், பல முறை நனைந்து காய்ந்திருக்கிறது. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் காங்கிரீட்டையே ஊடுருவி அதன் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவருகிறது. ஆறேழு அங்குல இடைவெளியில் இணையான துருக்கோடுகள் தெரிந்தால் காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி அரிக்கத் தொடங்கிவிட்டது. பெயின்ட் கோளாறு என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

கம்பி அரிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புயலின் சேதம் ஆண்டுக்கணக்கில் வளர்வது அதன் வழியாகத்தான். நல்ல காங்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். கடற்காற்றின் உப்பு ஈரத்தோடு சேர்ந்து உள்ளே போனால் வேலை இன்னும் சீக்கிரம் நடக்கும். உங்கள் கட்டடம் எழுந்த காலத்தில் நடைமுறையில் இருந்த 1978-ஆம் ஆண்டு இந்தியக் காங்கிரீட் விதிநூல், தளத்தில் கம்பிக்குக் கீழே 15 மில்லிமீட்டர் காங்கிரீட் இருந்தால் போதும் என்றது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு கடலோரச் சூழலுக்கு 45 மில்லிமீட்டர் கேட்கிறது. முப்பது மில்லிமீட்டர் குறைவான கவசத்தோடு நிற்கும் தளத்தில் மேலிருந்து ஒரு துளை தண்ணீரை ஊட்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை. துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அது உள்ளிருந்து நெம்புவதால் கூரையின் அடிப்பூச்சு உப்பி, ஒரு நாள் பாளமாக விழும்.

ஆகவே எந்த ஆராய்ச்சிக்கும் முன்னால், துடைப்பக்கட்டையின் மரப்பிடியால் கூரை முழுவதையும் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும். விட்டுப்போன இடம் பொத்தென்று சத்தம் கொடுக்கும். கட்டிலுக்கோ சாப்பாட்டு மேசைக்கோ மேலே அப்படிப்பட்ட இடம் இருந்தால், காரணம் எதுவானாலும் அந்தப் பூச்சை ஆள் வைத்து உடனே உதிர்த்துவிட வேண்டும். பொய்க்கூரை போட்ட வீடானால் இதெல்லாம் கண்ணுக்குப் படாது. ஒரு மூலையில் இரண்டு அடிச் சதுரத்துக்கு வெட்டித் திறந்து, டார்ச் அடித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. வீடு வாங்கும் முன் விற்பவரிடம் இதற்கு அனுமதி கேட்பதில் கூச்சப்படத் தேவையில்லை என்பது என் கருத்து. மறுப்பவர் ஏதோ ஒரு தகவலைத் தந்துவிடுகிறார்.

சேதம் எப்போது நேர்ந்தது என்பதுதான் உங்கள் கேள்வியின் கடினமான பகுதி. 2020 ஜூன் 3 அன்று நிசர்கா புயல் மும்பைக்குத் தெற்கே ராய்கட் கரையில் ஏறியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று புயல் எதுவும் இல்லாமலேயே கொலாபாவில் மணிக்கு 106 கிலோமீட்டர் காற்று அடித்தது. நீங்கள் குடிவந்த பிறகு, 2024 மே 13 அன்று, உங்களுக்குப் பக்கத்துக் காட்கோபரில் விளம்பரப் பலகையைச் சாய்த்துப் பதினேழு பேரைப் பலிகொண்ட புழுதிக்காற்றும் உண்டு. இத்தனையும் இருக்க, டவ்தேயை மட்டும் குற்றவாளியாக்க ஆதாரம் வேண்டும். விரிசல்களே கொஞ்சம் காலம் காட்டும். கட்டடத்துக்குக் கடைசியாக எந்த ஆண்டு வண்ணம் அடித்தார்கள் என்று கேளுங்கள். விரிசலுக்குள் அந்த வண்ணம் இறங்கியிருந்தால் விரிசல் பழையது, வண்ணத்தையே அது கிழித்துக்கொண்டு போயிருந்தால் பிந்தியது. ஓரங்கள் கூர்மையாகவும் சுத்தமாகவும் இருந்தால் அண்மையில் உண்டானது. பாசியும் அழுக்கும் அப்பி மழுங்கியிருந்தால் சில மழைக்காலமாவது கண்டது. கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்து பழைய படங்களை ஆண்டு ஆண்டாகத் தள்ளிப் பார்த்தால், உங்கள் மாடியில் பந்தல் இருந்த நிறமும் பரப்பும் எந்த இடைவெளியில் மாறியது என்பது தெரிந்துவிடும். நீலத் தார்ப்பாய் விரித்திருந்தால் அதுவும் சில சமயம் தென்படும். சொசைட்டியின் கூட்டக் குறிப்புகள், 2021-ஆம் ஆண்டுக் கணக்கில் பந்தலுக்கு எழுதிய செலவு, ஒப்பந்தக்காரரின் ரசீது, உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் அன்று பகிர்ந்த படங்கள் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். அவற்றில் தூண் சாய்ந்து கிடக்கும் ஒரே ஒரு படம் கிடைத்தால், எந்தக் காலடியைத் தோண்ட வேண்டும் என்பது தீர்ந்தது.

சந்தேகம் ஓரிடத்தில் நிலைத்த பிறகு தண்ணீர்ச் சோதனை. மாடி முழுவதும் தண்ணீர் கட்டும் வழக்கத்தை நான் பழைய கட்டடங்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. இரண்டு அங்குலத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 50 கிலோ எடை. இரண்டாயிரம் சதுர அடி மாடிக்கு அது ஒன்பது டன்னைத் தாண்டும். நல்ல தளம் அதைத் தாங்க வேண்டியதுதான், ஆனால் நம் சந்தேகமே தளம் நன்றாக இருக்கிறதா என்பது பற்றியது. அதற்குப் பதிலாக, சந்தேகப்பட்ட காலடியைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குச் சிறு களிமண் அணை கட்டி, வண்ணம் கலந்த தண்ணீரை ஒரு நாள் நிறுத்தி, கீழே ஆள் வைத்துக் கவனியுங்கள். வாட்டத்தில் தாழ்ந்த பக்கம் முதலில், மேட்டுப் பக்கம் பிறகு. ஒரு நேரத்தில் ஒரே இடம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்று நான்கு நாள் விட வேண்டும், இல்லாவிட்டால் எந்தத் தண்ணீர் எங்கே வந்தது என்பது குழம்பிவிடும். கோபாவுக்குள் ஈரம் தேங்கியும் மேற்பரப்பு காய்ந்தும் இருக்கும் அக்டோபர் இரண்டாம் பாதிதான் இந்த மொத்தச் சோதனைக்கும் நல்ல காலம். வெப்பக் கேமராவும் அப்போது உதவும்: நனைந்த பகுதி பகல் வெப்பத்தை விடாமல் வைத்திருப்பதால், பொழுது சாய்ந்ததும் காய்ந்த பகுதியைவிடச் சூடாகத் தெரியும்.

துருக்கோடுகளோ பொத்தென்ற சத்தமோ பரவலாக இருந்தால் தகுதியுள்ள கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும். காங்கிரீட் மேற்பரப்பின் கடினத்தை அளக்கும் சுத்தியல் சோதனையோடு அவர் நிறுத்திக்கொண்டால் போதாது. காங்கிரீட்டில் பினால்ஃப்தலீன் தெளித்து, இளஞ்சிவப்பு எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நிறம் மாறாத பகுதி காரத்தை இழந்துவிட்டது. கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் சோதனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டி இறங்கினால், அங்கே துருப்பிடித்துக்கொண்டிருப்பதற்கான வாய்ப்பு தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல். சொசைட்டி இதைத் தனிச் செலவாகக் கருத வேண்டியதில்லை. மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களின் மாதிரி விதிகளின்படி, முப்பது ஆண்டைத் தாண்டிய கட்டடத்துக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கட்டமைப்பு ஆய்வு செய்தாக வேண்டும். உங்கள் கட்டடம் 2016-லேயே அந்த வயதைக் கடந்துவிட்டது. ஆகவே கடைசி ஆய்வு அறிக்கையின் நகலைக் கேளுங்கள். மொட்டை மாடி ஒழுகலைச் சரிசெய்யும் செலவும் அதே விதிகளின்படி சங்கத்தைச் சேர்ந்தது, மேல்மாடிக்காரர் தலையில் மட்டும் கட்டக்கூடாது. காப்பீட்டைப் பொறுத்தவரை நம்பிக்கை வேண்டாம். வீட்டுக் காப்பீடுகள் புயல் சேதத்தை ஏற்றாலும், நிகழ்ந்தவுடன் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. நாள்பட்ட தேய்மானத்தை ஒதுக்கிவிடுகின்றன.

பழுதுபார்க்கும்போது, விரிசல்மேல் ரசாயனப் பூச்சு அடித்துவிட்டு அதே பந்தலை அதே மாதிரி நிறுத்த ஒப்பந்தக்காரர் விலை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காலடிகளைச் சுற்றியுள்ள கோபாவைக் காங்கிரீட் தெரியும்வரை வெட்டி எடுத்து, பழைய துளைகளைச் சுருங்காத சிமென்ட் கலவையால் அடியிலிருந்து நிரப்பி, தூண்களைக் கட்டடத்தின் தூண்தலைகளுக்கு நேர்மேலே தளத்தோடு பிணைத்து வார்த்த காங்கிரீட் பீடங்களின்மேல் நிறுத்தி, நீர்த்தடுப்பு அந்தப் பீடங்களின் பக்கவாட்டில் ஓர் அடி உயரம் ஏறும்படி செய்யச் சொல்ல வேண்டும். பந்தலுக்கு மாநகராட்சியின் அனுமதி இருக்கிறதா என்பதையும் அந்த விலைப்புள்ளியில் கையெழுத்திடும் முன்பே கமிட்டி தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.